கெட்டி மேளத்துக்கு அடியில் ஒரு சொல்

படம் எடுக்கிறேன் என்றால் எல்லோரும் என்ன கேமரா என்றுதான் கேட்கிறார்கள். என்ன மைக் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எனக்கோ மைக் வைக்கும் இடம் முடிவாகாமல் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே மனம் வராது. பார்ப்பவரை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைப்பது காதுதான். இதைத் தலைக்கனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

மூன்றாவது குறும்படத்தில் பார்ப்பவர்களை ஒரு மணப்பெண்ணின் காதுக்குள் உட்காரவைக்க நினைத்தேன். கதை சின்னது. தாலி ஏறும் நேரத்தில் அவள் "வேணாம், வேணாம்" என்கிறாள். அதே நொடியில் கெட்டி மேளம் முழங்குகிறது. தும்மலோ அழுகையோ அபசகுனமான பேச்சோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தானே அந்த மேளமே! அவள் சொல்லும் அதோடு போய்விடுகிறது.

மேளத்துக்குக் குரல் கொடுக்க என் பெரியப்பாவையே நடிக்கவைத்தேன். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் மேடையோரம் நின்று, விரலை உயர்த்தி, "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!" என்று கத்துவது அவர்தான். அவருக்கு நடிப்புச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கதையை மட்டும் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் வரமாட்டார். மைக்கை மணப்பெண்ணின் காதோரம், பூவுக்குள் ஒளித்துவைத்தேன். பிறகு ஹெட்போனில் கேட்டபோது தவில் என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே இடித்தது.

படத்தைத் தொகுத்த நண்பனுக்கு அது பிடிக்கவில்லை. "டயலாக்கே கேக்கலையே! மேளத்தைக் குறைச்சு, குரலை ஏத்து" என்று தலையில் அடித்துக்கொண்டான். முடியாது என்றேன். கேட்டுவிட்டால் 'ஐயோ பாவம்' என்று எழுந்து போய்விடுவார்கள். கேட்க முடியாமல் தவிக்க வேண்டும். கடைசியில் சொந்தக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவது என்று முடிவானது. அவள் வாயசைவை ஒருவர்கூடக் கவனிக்காவிட்டால் அவன் சொன்னபடி குரலை ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் அது என் படமே இல்லை.

முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னமராவதியில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. ஸ்பீக்கர் பெட்டிகளை ஆட்களுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் வைக்கச் சொன்னதில் மைக்செட்காரருக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

"ஏம்மா, படம் அங்கிட்டு ஓடுது, சத்தம் இங்கிட்டு வருமாக்கும்?"

"வரும்ண்ணே, வைங்க" என்றேன்.

பெரியப்பா முன்வரிசையில் பூரிப்போடு உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் விரல் உயர்ந்ததும் மண்டபமே கைதட்டியது. மேளம் நாலாபக்கமும் வந்து எங்களை மூடிக்கொண்டது. திரையில் மணப்பெண்ணின் முகம் மட்டும் இருந்தது. உதடு அசைந்தது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சத்தத்தைக் குறைக்கவில்லை.

உதடு மறுபடி அசைந்தது. பெரியப்பா எழுந்துவிட்டார்.

"ஏய், மேளத்த நிறுத்துங்கப்பா! அந்தப் புள்ள என்னமோ சொல்லுது!"

கல்யாணங்களில் கத்துகிற அதே குரல். மேளம் நிற்கவில்லை. மூன்றாவது முடிச்சும் விழுந்து, படம் முடிந்தது. நண்பன் லேப்டாப்பை மூடினான். என் படம் என் படமாகவே நின்றது.

விளக்குப் போட்டதும் பெரியப்பா நேரே என்னிடம் வந்தார்.

"என்ன ஆத்தா சொல்லுச்சு அது?"

சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை கல்யாணத்துல கத்தியிருப்பேன்... ஒரு தடவையாச்சும் பொண்ணு வாயப் பாத்ததில்லையே ஆத்தா" என்றார்.