பீமில் வைத்த பொட்டு

மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டியபிறகு நடு அறையின் கான்கிரீட் பீமில் விரிசல் விட்டது. பிரசவத்துக்கு வந்திருந்த மகளையும் குழந்தையையும் முன்னறைக்கு மாற்றினோம். பீமைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கார்பன் ஃபைபர் துணியைப் பசை போட்டு ஒட்டினால் தாங்கும் என்றார் என்ஜினியர்.

வேலையாட்கள் தேய்த்து முடித்ததும், என்ஜினியரோடு எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நல்ல காரியமாயிற்றே என்று என் மனைவி நல்லெண்ணெய் தொட்டுப் பீமில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள்.

திரும்பி வந்த என்ஜினியர் பதறிப்போனார். "ஏனுங்கம்மா, இப்படிப் பண்ணிப்போட்டீங்க! எண்ணெய் பட்டா பசை புடிக்காதுங்க. துணி உரிஞ்சு வந்துருமுங்க."

"சாமி பொட்டுங்க தம்பி. அதைப் போயி மெசின்ல தேய்ப்பீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். முருகனை நினைத்துக்கொண்டு, "தேச்சுருங்க" என்றேன். சிவப்பாய் உதிர்ந்த தூசியை மனைவி முந்தானையில் ஏந்திக்கொண்டாள்.

துணி ஒட்டிக் காய்ந்ததும் தட்டிப் பார்த்து, "நல்லாப் புடிச்சிருக்குங்க, பயமில்லாம படுங்க" என்றார். எண்ணெய் எங்காவது மிச்சம் இருக்குமோ என்று எனக்குப் பயம். பொட்டை அழித்துவிட்டோமே என்று அவளுக்கு. மகளை இன்னும் அங்கே விடவில்லை. அந்த அறையில் இப்போது நாங்கள் இருவரும்தான் படுக்கிறோம்.