கேலக்ஸிக்குத் தடை

காயல்பட்டினத்தில் பிறந்த ரைஹானத், புனேயில் முனைவர் பட்டம் முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியையாகச் சேர்ந்தவர். வாயு மிச்சமிருந்தும் சில கேலக்ஸிகள் புது நட்சத்திரங்களை உண்டாக்குவதை ஏன் நிறுத்திவிடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ஊருக்குப் போனால், பிறை எப்போது தெரியும் என்று கேட்பார்கள். கல்லூரியில் பேருந்துக் குழு, கேண்டீன் குழு என்று எதிலும் அவர் பெயர் இருக்கும். அதற்கெல்லாம் பழகிவிட்டார்.

பழக முடியாதது சென்ற ஆடியில் வந்தது. அவருடைய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பி, இன்னும் சில கேலக்ஸிகளைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தது. தரவை இறக்கத் துறைக் கணினியில் உட்கார்ந்தால் ஒரு தளமும் திறக்கவில்லை. இணையத்தைக் கவனிக்கும் எபனேசரிடம் போனார்.

"‘கேலக்ஸி’ன்னு எங்கன வந்தாலும் அடைச்சிரும் மேடம். பிள்ளைங்க கிளாஸ் நேரத்துல அந்தப் பேர்ல உள்ள போனுக்கு வெல பாக்குதாங்கன்னு முதல்வர் சொன்னாவ."

"எபனேசர், நான் பாடம் நடத்துததே அதப் பத்தித்தான்."

"எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதுல்லா."

அவர் போய் முறையிட்டதை முதல்வர் இஸ்ரவேல் பொறுமையாகக் கேட்டார். "அந்த வார்த்தை இல்லாமத் தேடிப் பாருங்களேன்."

"மீன்கடையில போய் மீன்னு சொல்லாம வாங்கணும், அப்படித்தானே ஸார்?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டில் தன் செல்போன் இணைப்பிலேயே இறக்கினார். காற்றடித்தால் மின்சாரம் போகும். பாதியில் அறுந்ததை முதலிலிருந்து தொடங்குவார். இவ்வளவுக்கும் பிறகு, புதிதாகச் சேர்த்தவற்றில் சில அவர் சொன்னதற்கு ஒத்துவரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுரையில் பாதியை அடித்துத் திருத்தினார்.

தை மாதம் அது வெளிவந்தது. கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அவர் படத்துக்குப் பக்கத்தில் ராக்கெட். ரைஹானத் ராக்கெட்டைக் கிட்டப்போய்ப் பார்த்ததுகூட இல்லை. மகிழ்ச்சியில் முதல்வர் தடையையும் நீக்கச் சொல்லிவிட்டார். மறுநாளே கடைசி பெஞ்சில் போன் விலை பார்க்க ஆரம்பித்தார்கள்.

அன்று முன்வரிசையில் இருந்த ஆன்லின் கேட்டாள்: "மேடம், நட்சத்திரம் உண்டாகுதது நின்னுட்டா, அந்தக் கேலக்ஸி செத்துட்டுன்னு அர்த்தமா?"

அந்தப் பருவத்தில் அவரிடம் வந்த முதல் நல்ல கேள்வி. சாக்பீஸை எடுத்தார். பழைய நட்சத்திரங்கள் எரிந்துகொண்டே இருப்பதையும், வெளியிலிருந்து வாயு வந்தால் மறுபடி தொடங்கக்கூடும் என்பதையும் மணியடித்த பிறகும் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஆன்லின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "இது செமஸ்டர்ல வருமா மேடம்?"

ரைஹானத் கரும்பலகையில் எழுதியதைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார்.

"வரும். எழுதிக்கோ."