டச்சுக்காரியின் சலவை நாள்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை திட்டம் போட்டுப் பழிவாங்கியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சருக்கு வந்தபோது திருச்சியில் ஏழு வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த அனுபவம் என்னிடம் இருந்தது. பாஸ்போர்ட்டில் இருந்ததோ எச்-4 விசா. கணவனோடு வரலாம், வேலைக்குப் போகக்கூடாது. எங்கள் மேல்வீட்டுக்காரி சென்னைக்காரி. தினமும் ரயிலேறி நியூயார்க்குக்கு வேலைக்குப் போவாள். அவள் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. பழகிய முதல் வாரமே கேட்டுவிட்டாள்.

"ஸ்கூல் விட்டதும் இவளையும் சேத்து பிக்கப் பண்ணிடேன்பா. உனக்கென்ன, வீட்ல சும்மாதானே இருக்க?"

இரண்டு வருடம் கூட்டி வந்தேன். தோசை வார்த்துக் கொடுத்தேன், வீட்டுப்பாடம் செய்ய வைத்தேன், காய்ச்சல் அடித்தபோது என் சோபாவில் படுக்க வைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, அந்த நாய் நான்தான். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் ஒரு பாட்லக் விருந்தில் யாரோ அவளிடம், "பொண்ண யாரு பாத்துக்கறா?" என்று கேட்டார்கள். அவள் தட்டோடு என்னைக் காட்டி, "இவ இருக்காளே, வீட்ல சும்மாதான் இருக்கா" என்றாள். என் கணவர் உட்பட எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இந்த வார்த்தையை இவளையே வாபஸ் வாங்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். எனக்கு அது பிள்ளைகளின் நான்காம் வகுப்பில் வந்தது. ஆங்கிலேயருக்கு முன்னால் அந்தப் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்களைப் பற்றிப் பாடம். ஒருநாள் பெற்றோர்கள் அந்தக் கால உடை போட்டுக்கொண்டு, அந்தக் கால வீட்டு வேலைகளைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட வேண்டும். யாருக்கு எந்த வேலை என்று பிரிக்கும் பொறுப்பை டீச்சர் என்னிடம் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுப்பார்? நான்தானே சும்மா இருப்பவள்.

நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். வந்த புதிதில் சிலர் மண்ணில் குழி தோண்டி, மேலே மரப்பட்டை வேய்ந்து, அதற்குள் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். அந்தக் குழிக்குள் இருந்துகொண்டும் ஒருத்தி ரொட்டி சுட்டாள், மாட்டுக்கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி செய்தாள், சாம்பலைக் கரைத்து வடித்த காரநீரில் துணி வெளுத்தாள். புருஷன் நிலம் திருத்தினான், தோல் வியாபாரம் செய்தான் என்று பக்கம் பக்கமாக இருந்தது. அவளுக்கு ஒரே வரி: வீட்டைப் பார்த்துக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேல்வீட்டுக்காரி ஃபோன் செய்தாள். "எனக்கு ஈஸியா எதாவது குடுப்பா. அந்த பட்டர் இருக்கே, ஜார்ல க்ரீம ஊத்திக் குலுக்கறதுதானே?"

"அது போயிடுச்சேப்பா" என்றேன். போகவில்லை. அவள் பெயருக்கு நேரே சலவை என்று எழுதிவிட்டுத்தான் வெண்ணெயை வேறொருத்திக்குக் கொடுத்தேன்.

நவம்பர் மாதம். காற்று காதை அறுத்தது. குழாய் பள்ளி மைதானத்தின் ஒரு கோடியில், சலவைத் தொட்டி மறுகோடியில். அங்கே வைக்கச் சொன்னது நான். துவைக்கக் கம்பளிப் போர்வையைத் தேர்ந்தெடுத்ததும் நான். பிள்ளைகள் இருக்கும் இடமென்று காரநீருக்குப் பதில் சோப்பு மட்டும் கொடுத்தேன். வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனுமாக அவள் இரண்டு வாளியில் தண்ணீர் சுமந்து சுமந்து ஊற்றினாள். பிள்ளைகள் குழு குழுவாக வந்து பார்த்தார்கள்; ஒவ்வொரு குழுவுக்கும் முதலிலிருந்து துவைக்க வேண்டும். மூன்றாவது குழுவுக்குள் முழங்கை வரை சிவந்துவிட்டது.

"இன்னும் எவ்ளோ நேரம்பா?"

"ரெண்டே குரூப்தான். உனக்கென்ன, சும்மா தொவைக்கறதுதானே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

கடைசிக் குழுவில் எங்கள் இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்தக் கால டச்சுக்காரியைப் பற்றி அவள் மகள் கேட்டாள், "டிட் ஷி ஹேவ் எ ஜாப்?"

"நோ, கண்ணா. ஷி ஸ்டேட் ஹோம்" என்றாள் அம்மாக்காரி, மூச்சு வாங்க.

"ஓ, லைக் ஆன்ட்டி" என்று குழந்தை என்னைக் காட்டியது. "ஷி டஸ் நத்திங் ஆல் டே. யூ செட் ஸோ, மாம்."

என் மகள் தரையைப் பார்த்தாள். இதை அவளும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மேல்வீட்டுக்காரி சொட்டும் போர்வையோடு நின்றாள்.

"அம்மா அப்படிச் சொன்னது தப்புடா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு என் தோளில் கிடந்த உலர்ந்த துண்டுக்காகக் கை நீட்டினாள். விரல்கள் மடங்கவில்லை.

இரண்டு வருடம் காத்திருந்த வார்த்தை அது. கிடைத்தும் எனக்குப் போதவில்லை.

"இன்னும் பிழியலையேப்பா" என்றேன்.

நனைந்த கம்பளியைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். மறுமுனையைப் பிடிக்க ஓடிவந்தது என் மகள். இரண்டு பேரும் முறுக்கி முடிக்கும்வரை நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.