பதினாறு பச்சைக் கட்டங்கள்

என் மடிக்கணினியில் திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசையின்மேல் சின்னதாக ஒரு சூரியன் வரைந்திருக்கிறது. அதை அழுத்தினால் திரையின் ஓரத்தில் ஒரு பட்டை எழும்பி, கட்டம் கட்டமாக நிரம்பி, இரண்டு நொடியில் மறைந்துவிடும். ஊர் உலகமே தினமும் அதை அழுத்துகிறது. யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. நான் மட்டும் இத்தனை வயதுக்குப் பிறகும் அழுத்தியதும் விரலைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறேன். "அம்மா, அது பிரைட்னஸ்மா, பாம்பு இல்ல" என்று என் மகள் கிண்டல் செய்வாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? அந்தப் பட்டை எழும்போதெல்லாம் எனக்கு ஏற்காட்டு எஸ்டேட் ஆபீசும், கம்பளி போர்த்திய ஒரு கம்ப்யூட்டரும், அதன் முன்னால் முகத்தை ஒட்டவைத்து உட்கார்ந்திருக்கும் ரைட்டரய்யாவும் கண்முன் வந்துவிடுகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஏற்காட்டு மலையில் கரடியூரில் எங்கள் வீடு. சேலத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த கையோடு, ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் மண்வெட்டி பிடிக்காமல் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், அந்த வேலையை உள்ளங்கையில் முட்டையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தேன். போதாததற்கு நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. மேனேஜர் செருமினாலே எழுந்து நின்றுவிடுவேன். ஆபீசில் நாங்கள் மூன்றே பேர்: மேனேஜர், நான், ரைட்டரய்யா. ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். எந்தக் காட்டில் எத்தனை பேர் பழம் பறித்தார்கள், யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார்கள் என்று பதிவேடு எழுதுகிற குமாஸ்தா. இருபத்தெட்டு வருடமாக அதை எழுதியவர். எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸில் மனைவியோடு குடியிருந்தார்.

கம்ப்யூட்டர் வந்ததும் மேனேஜர் பேரேடுகளைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார். இனி எடைக் கணக்கெல்லாம் திரையில்தான். நான் அடிக்க வேண்டும், ரைட்டர் திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். முதல் நாள் ரைட்டரய்யா நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு திரைக் கண்ணாடியில் இடிக்கும்படி குனிந்து, வெகுநேரம் பார்த்தார். "ஏன் கண்ணு, இதுல இன்னும் எழுத்தே வரலியே?" என்றார். திரை முழுக்க எழுத்து. நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். என் பார்வை அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நான் விசை தட்டுவதை நிறுத்தியது அவர் காதில் விழுந்துவிட்டது.

"கண்ணுல பிரஷராமா. போனது போனதுதான், திரும்பாதுன்னு சேலத்து டாக்டரு சொல்லிப்போட்டாருங்க" என்றார், என்னைப் போய் 'ங்க' போட்டு. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெயில்ல வெச்சு லென்ஸு புடிச்சா பேரேடு தெரியும். நம்ம கையெழுத்துதான, பழக்கத்துல ஓட்டிட்டேன். இன்னும் ரெண்டே வருசம் சாமி. அதுவரைக்கும் தள்ளிட்டன்னா மருவாதியா எறங்கிருவேன். இப்பத் தெரிஞ்சா வேலையும் போயிரும், இருக்கற ஊடும் போயிரும். ஊட்டுக்காரிக்கே முழுசாத் தெரியாது." யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். தலையாட்டியது அவருக்குத் தெரியாதே என்று ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. வாயால் சொன்னேன்.

அந்த மானிட்டரில் வெளிச்சம் கூட்டும் திருகு, மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி வந்ததில் உடைந்து, மங்கலிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. சேலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் ஒரு பிளாப்பியில் குட்டி புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். விசைப்பலகையின் மேல்வரிசைக் கடைசியில் நான்கு பொத்தான்கள் கொத்தாக இருக்குமே, அவைதான் அதற்கு. முதலிரண்டும் சத்தத்தைக் குறைக்க, கூட்ட. அடுத்த இரண்டும் வெளிச்சத்தைக் குறைக்க, கூட்ட. அழுத்த அழுத்த திரையின் அடியில் பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக ஏறும். ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒரு சத்தம். மொத்தம் பதினாறு. விட்ட அளவை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி இயக்கினாலும் அதே வெளிச்சத்துக்கு வந்து நிற்கும். பதினாறாம் கட்டத்தில் திரை பளீரென்று எரியும்போது ரைட்டரய்யாவுக்கு எழுத்து தெரிந்தது. "அடடே, நொம்பத் தெளிவா இருக்குது கண்ணு" என்று சின்னப் பிள்ளைபோல அவர் சிரித்த சிரிப்புக்காக எதையும் செய்யலாம் என்று அன்று தோன்றியது.

என்ன செய்திருந்தேன் என்பதோ, வீட்டுக்குப் போன பிறகுதான் புரிந்தது. வெளி பிளாப்பியைக் கம்ப்யூட்டரில் போடுகிறவர் அன்றைக்கே வேலையை விட்டுப் போகலாம் என்று ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேனேஜருக்கு வைரஸ் என்றால் காலரா மாதிரி. அந்தத் தாளை அவர் சொல்லச் சொல்ல அடித்து, பசை தடவி ஒட்டியவளே நான்தான். அன்றிலிருந்து எனக்கு ஜீப் சத்தம்தான் கெட்ட கனவு. மேனேஜருக்கு வெளிச்சம் அதிகமானால் கண் கூசும். உடனே ஏன் என்று கேட்பார். அவர் ஜீப் கேட்டில் திரும்பும் சத்தம் கேட்டதும் கட்டங்களை ஆறுக்கு இறக்க வேண்டும். அவர் போனதும் பதினாறுக்கு ஏற்ற வேண்டும். எனக்கு முன்னாலேயே ரைட்டரய்யாவுக்குத்தான் ஜீப் கேட்கும். "வண்டி வருது கண்ணு" என்பார். நான் அழுத்துவேன். அவர் பத்து டிக்கையும் வாய்க்குள் எண்ணி, "சரி, போதும்" என்பார். பறிப்பு தொடங்கியதிலிருந்து இப்படித்தான் ஓடியது. ஒரு நாளாவது நிம்மதியாகச் சோறு இறங்கியிருந்தால் கேளுங்கள்.

ஒரு நாள் காலையில் மூடுபனி ஆபீசுக்குள்ளேயே வந்துவிட்டது. பக்கத்து அறையில் மேனேஜர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். டிக் சத்தம் அவர் காதில் விழுந்துவிடுமே என்று நான் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டேன். பத்து மணிக்கு டீ குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் மூடுபனி இறங்கினால் ஆபீஸ்களில் டைப்ரைட்டர், பதிவேடு எல்லாவற்றையும் கம்பளியால் மூடிவிடுவார்கள்; இல்லாவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை. ரைட்டரய்யாவும் அந்தப் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைத் தன் கறுப்புக் கம்பளியால் போர்த்தி, அது காற்றில் விலகாமல் இருக்க விசைப்பலகைப் பக்கத்து ஓரத்தில் ஒரு கண்ணாடி பேப்பர் வெயிட்டையும் வைத்துவிட்டு, குழந்தையைத் தூங்கவைத்தவர்போலத் திரும்பிவிட்டார்.

நான் வந்து வெயிட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். கம்பளியை விலக்கினேன். திரை கரியாக இருந்தது.

ஐயோ! மானிட்டரின் பச்சை விளக்கு எரிகிறது. திரையில் ஒரு புள்ளி இல்லை. அணைத்துப் போட்டேன். தொடக்கத்தில் நீல வானமும் வெள்ளை மேகமுமாக ஒரு படம் வருமே, அது வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி இருட்டு. நான்கு முறை போட்டேன், நான்கு முறையும் மேகம், அப்புறம் இருட்டு. அந்தப் பருவத்தின் எடைக் கணக்கு முழுவதும் அதற்குள். நகல் எடுத்து வைத்த பிளாப்பிகளில் எப்போதோ பூஞ்சை பிடித்துவிட்டது. மேனேஜர் வந்து பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். சேலத்துக்குப் போன் போட்டார்.

மூன்று மணிக்குக் கம்ப்யூட்டர்க்காரர் ஒரு பையோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தார். அவரும் போட்டுப் பார்த்தார். மேகம், இருட்டு. "சார், இது வைரஸ் மாதிரி தெரியுது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடறேன். வேற வழியில்லை" என்றார்.

"யாரு வெளி பிளாப்பி போட்டது?" என்றார் மேனேஜர். குரல் உயரவில்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தேன். அங்கே பேப்பர் வெயிட் இருந்தது.

பொசுக்கென்று எல்லாம் விளங்கிவிட்டது. கம்பளிக்கு மேல் இருந்த வெயிட் வெளிச்சம் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடியே உட்கார்ந்திருக்கிறது. கட்டங்கள் எல்லாம் அடிவரைக்கும் இறங்கிவிட்டன; அணைத்துப் போட்டாலும் அதே அளவுக்குத்தான் வந்து நிற்கிறது. காலையில் நான்தான் சத்தத்தை நிறுத்தியிருந்தேன், அதனால் டிக் கேட்கவில்லை. கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது. கண்ணாடி வளையல் மெல்லக் குலுங்க, கை மேசைமேல் நகர்ந்து விசைப்பலகை வரைக்கும் போய்விட்டது. அழுத்தினால் புரோகிராம் தெரியும், புரோகிராம் தெரிந்தால் பிளாப்பி தெரியும், பிளாப்பி தெரிந்தால் என் வேலை. கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை மாத எடையும் அழிந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆமாம், அவ்வளவு பயம். கம்ப்யூட்டர்க்காரர் பையைத் திறந்து ஒரு பிளாப்பியை எடுத்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் இருங்க" என்று ஒரு குரல். மூலையில் நின்றிருந்த ரைட்டரய்யா மேசையைத் தடவிக்கொண்டு வந்தார். விசைப்பலகையின் மேல்வரிசையில் வலதுகோடியிலிருந்து விரலால் எண்ணி, சத்தம் கூட்டும் பொத்தானை அழுத்தினார். டிக், டிக் என்று ஸ்பீக்கர் உயிர்பெற்றது. பிறகு கடைசிப் பொத்தான். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று உதடு அசைந்தது. திரை விடியற்காலை மாதிரி மெல்ல வெளுத்து, எழுத்துக்கள் தெரிந்து, பதினாறில் பளீரென்று நின்றது. அவர் அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ரைட்டர், நீங்க திரையைப் பார்க்கவே இல்லையே?"

"பாத்தாலும் தெரியாதுங்க" என்றார் ரைட்டரய்யா. "கண்ணு போயி மூணு வருசமாச்சுங்க. வெயிட்ட அதுமேல வெச்சதும் நாந்தான். பிளாப்பி சேலத்துல கேட்டு வாங்கியாந்து போடச் சொன்னதும் நாந்தானுங்க. புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நாஞ் சொன்னன்னு போட்டுது."

வாங்கி வந்தது நான். யாரும் கேட்காமல் போட்டதும் நான். எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கண் போனது தெரிந்த பிறகு வேலை எப்படியும் போகத்தானே போகிறது, நான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு செய்துகொண்டேன். பயந்தவர்களுக்குச் சமாதானம் மட்டும் உடனே கிடைத்துவிடும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. மாதக் கடைசிவரைக்கும் குவார்ட்டர்ஸில் இருந்துகொள்ளச் சொன்னார். மாதக் கடைசியன்று குவார்ட்டர்ஸ் வாசலில் லாரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் ரைட்டரய்யாவின் மச்சான் வீட்டுக்குப் போகிறார்கள். அவருடைய மனைவி பானைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தார். என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ரைட்டரய்யா கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். நான் அழுதுகொண்டே, "ஐயா, எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே..." என்று தொடங்கினேன்.

"அழுவாத சாமி" என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. "உன்ற வளையல் சத்தம் கீபோர்டுகிட்ட போச்சு. சித்த நேரம் அங்கயே நின்னுது. அப்பறம் திரும்பிருச்சு. அதுக்கப்பறந்தான் நான் வந்தேன். நீ பயந்துக்காத."

அவ்வளவுதான் சொன்னார். கதவு நிலையைத் தொட்டுத் தொட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த ஆபீசில் இருந்தேன். மாதம் ஒருமுறை கணக்குத் தாள்களோடு சேலத்துக்குப் போக வேண்டும். பஸ் அடிவாரத்தில் டீக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நிற்கும். இறங்கி விசாரித்தால் வீடு தெரிந்துவிடும். ஒரு தடவைகூட நான் இறங்கவில்லை. அவர் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரோ என்று, பஸ் புறப்படும் வரைக்கும் என் கண்ணாடி வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றி, சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு வளையல் போடுவதையே விட்டுவிட்டேன். மகள் ஏன் என்று கேட்டதற்கு, டைப் அடிக்க இடைஞ்சல் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது இதை எழுதும்போது சாயங்காலமாகி, திரை மங்கலாகத் தெரிகிறது. எனக்கும் கண்ணாடி போட்டாயிற்று. சூரியன் வரைந்த விசையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறேன். பட்டை ஏறுகிறது, நிரம்புகிறது, எழுத்து தெரிகிறது. ஒரு விரல் போதும். அன்றைக்கும் ஒரு விரல்தான் வேண்டியிருந்தது.