நாற்பத்தொன்றாம் துண்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் ‘கண்ணாடி’ என்று பேர். மூக்கின் மேல் கண்ணாடி ஏறியதே இல்லை. நாற்பத்தாறு வயதிலும் ஊசியில் நூல் கோப்பாள். உலோகத் துண்டை முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பதுதான் அவள் வேலை, அதனால் வந்த பேர் அது. நான் பக்கத்து அறையில் வெட்டுப் பிரிவு. விஞ்ஞானிகள் கொடுக்கிற கட்டியையும் கம்பியையும் விரல்நுனி அளவுக்கு அறுத்து, எண் போட்டு, அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் அதை ஒரு பிசின் வில்லைக்குள் பதித்து, முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து, மெல்லிய தாள், துணி, வைரப் பசை என்று படிப்படியாகத் தேய்த்து முடிப்பாள். அப்புறம்தான் துண்டு நுண்ணோக்கிக்குக் கீழே போகும். பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாரும் பார்த்துப் பேசுவது அவள் தேய்த்து வைத்த அந்த முகத்தைத்தான்.

அவள் முதலில் அங்கே தரை பெருக்க வந்தவள். இதைச் சொன்னால் அவள் கோபப்பட மாட்டாள், அவளே பெருமையாகச் சொல்லுவாள். ஒரு நாள் பெருக்கிக்கொண்டே மேசைமேல் கிடந்த துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்து, “இதுல ஒரு கோடு இருக்கு சார்” என்றாளாம். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த விஞ்ஞானிதான் எங்கள் சார், அவர் எப்படிப் பார்த்தும் கோடு தெரியவில்லை. நுண்ணோக்கியில் வைத்தால் இருக்கிறது. மறு மாதம் தேய்ப்பு மேசையில் இருந்த பழைய ஆள் வேலையை விட்டுப் போனதும், அலுவலகத்தோடு மல்லுக்கட்டி அவளை அந்த மேசையில் உட்கார வைத்தவர் சார்தான். அதை மறுக்க முடியாது. அவரைவிட இரண்டு வயது சின்னவளை அன்றைக்கு ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தவர் பதினெட்டு வருஷம் அப்படித்தான் கூப்பிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அவள் உருகிவிடுவாள். எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சல்தான். பல்லைக் காட்டிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

தேய்த்துத் தேய்த்து அவள் விரல்களில் ரேகையே போய்விட்டது. வாசலில் வருகைப் பதிவுக்கு வைத்த கைரேகை இயந்திரம் அவளை மட்டும் ஆளாகவே மதிக்காது. அவளுக்கென்று தனியாக ஒரு நோட்டு வைத்தார்கள். வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஊர்ப்பட்ட இரும்பையெல்லாம் மினுங்க வைக்கிறவள் வீட்டுப் பாத்திரத்தை மட்டும் ஏன் கரியோடு விட்டுவைக்கிறாள் என்று எல்லார் முன்னாலும் கேட்பார். வீட்டுப் பாத்திரத்தை யாரும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கப் போவதில்லை என்பாள் அவள்.

சாரின் ஆராய்ச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அலுமினியத்தை மாவு மாதிரிப் பொடியாக்கி, மெல்லியதாகப் பரப்பி, லேசர் ஒளியால் தேவையான இடத்தை மட்டும் உருக்குவார்கள். அதன்மேல் இன்னொரு பரப்பு, இன்னொரு உருக்கு. இப்படி அடுக்கடுக்காக ஏற்றி ஒரு முழு உறுப்பையே அச்சடித்து எடுத்துவிடலாம். ஆனால் உள்ளே பொடிப் பொடி ஓட்டைகள் தங்கிவிடும். ஓட்டை இருந்தால் பாரம் தாங்கும்போது அங்கேதான் விரிசல் விடும். குறைந்த சூட்டிலும் குறைந்த அழுத்தத்திலும் அந்த ஓட்டைகளை மூடுகிற ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக சார் சொன்னார். உலகம் முழுக்க இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண அலுமினியக் கடைக் கம்பியும் கேட்டார். ஆலையில் அழுத்தி இழுத்த கம்பி, அதில் இயல்பாகவே ஓட்டை இருக்காது. நான் அறுத்துக் கொடுத்தேன். நாற்பத்தொன்றாம் எண். தேய்த்து முடித்ததும் எந்த இடத்தைப் பார்த்தோம் என்று மறந்துவிடாமல் இருக்க, கடினத்தன்மை பார்க்கிற கருவியால் ஓரத்தில் ஒரு சின்னக் குழி போட்டு வைப்பது அவள் பழக்கம். நாற்பத்தொன்றில் கை வழுக்கி முதல் குழி கோணலாக விழுந்துவிட்டது. பக்கத்திலேயே நேராக இன்னொன்று போட்டாள். அந்தக் கோணல் குழியைப் பற்றி அன்றைக்கு முழுக்க அவள் புலம்பியதைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்துப் புதுத் துண்டுகளோடு நுண்ணோக்கி அறைக்குப் போனேன். சார் தனியாக இருந்தார். நாற்பத்தொன்று நுண்ணோக்கிக்குக் கீழே இருந்தது. திரையில் அந்த இரண்டு குழியும் தெரிந்தன. இது எது என்று கேட்டார். கடைக் கம்பி என்றேன். ‘ம்’ என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தார். நான் தட்டை வைத்துவிட்டு வந்து, உன் கோணல் குழியை சார் படம் எடுக்கிறார் என்று அவளைக் கேலி செய்ததோடு சரி. அதில் நான் யோசிக்க என்ன இருந்தது?

கட்டுரை வெளிவந்தது. சாருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. மேடையில் அவர் ‘இது எல்லாம் எங்கள் அக்காவின் கை’ என்று சொல்ல, எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் வேறொரு நாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதே பொடி, அதே சூடு, அதே அழுத்தம், ஆனால் ஓட்டை அப்படியே இருக்கிறது, என்ன செய்தீர்கள் என்று. அந்தக் கடிதம் வந்த சேதி எங்களுக்குத் தெரியாது. சார் மட்டும் ஒரு காலையில் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

“அக்கா, வெளியில இருந்து ஆளுங்க வர்றாங்க. பழைய துண்டு எல்லாத்தையும் ஒரு தடவ புதுசா தேச்சு வச்சிருங்க. உங்க கை என்னன்னு அவங்க பாக்கட்டும்.”

நாலு நாள். குனிந்த தலை நிமிரவில்லை. புதுசா தேய்ப்பது என்றால் மேலே ஒரு தடவு தடவுவது இல்லை. முரட்டுத் தாளிலிருந்து திரும்ப ஆரம்பித்து, பழைய தடம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எடுத்துவிட்டுத்தான் மேலே போவாள். அது அவள் தொழில் நியாயம். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் அரைகுறையாகச் செய்து பாதியை விட்டுவைத்திருப்பார்கள். சாருக்கு அவளைத் தெரியும். வாழ்நாளில் இவ்வளவு நன்றாக வந்ததில்லை என்று தட்டோடு என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நாற்பத்தொன்றைச் சாய்த்துப் பிடித்தேன். என் மூக்கு முடி தெரிந்தது.

வந்தவர்கள் விசாரணைக்கு வந்தவர்கள். மூன்று பேர். அச்சடித்த துண்டுகளில் ஓட்டை இருப்பதை முதல் நாளே பார்த்துவிட்டார்கள். அப்படியானால் கட்டுரையில் வந்த ஓட்டையில்லாத படம் எங்கிருந்து வந்தது? சாரின் பதில் தயாராக இருந்தது. அலுமினியம் மெத்தென்ற உலோகம், சரியாகத் தேய்க்காவிட்டால் இழுபட்டு ஓட்டையின் மேல் படிந்து அதை மூடிவிடும், அப்படித் தேய்த்துக் கொடுத்ததைப் பார்த்து நான் ஏமாந்துவிட்டேன் என்றார். அக்கா வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், பாவம், முறையாகப் படித்தவர் இல்லை, அவரைத் தண்டிக்க வேண்டாம் என்று இரக்கம் வேறு. நம்ப வைத்துக் கழுத்தறுப்பதில் இது ஒரு தனி ரகம்.

அவளைக் கூப்பிட்டு அந்தப் படத்தைப் பெரிதாக்கி முன்னால் வைத்தார்கள். அவள் தேய்ப்பு தப்பு என்று முடிவானால் மேசை போகும். அதைவிட, பதினெட்டு வருஷமாக அவள் கையால் போன ஒவ்வொரு துண்டின்மேலும் சந்தேகம் விழும். அவளுக்கு அது புரிந்தது. ஆனால் படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்ததாம். படத்தின் ஓரத்தில் கோணலாக ஒரு குழி, நேராக ஒரு குழி.

“இது அச்சடிச்ச துண்டே இல்லைங்க. கடைக் கம்பி. நாப்பத்தொண்ணு. இந்தக் குழி ரெண்டும் நான் போட்டது, எடுத்துட்டு வாங்க, காட்டுறேன்.”

எடுத்து வந்தார்கள். அவளே நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். ஒன்றுமில்லை. அவள் கையால், அவள் பெருமைக்காக, நாலு நாள் உட்கார்ந்து அழித்திருந்தாள். நிமிர்ந்து சாரைப் பார்த்தாளாம். சார் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதுவரைக்கும்கூட ஏதோ தவறு நடந்திருக்கிறது, சாருக்கே தெரியாமல் நடந்திருக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறாள். அந்த நிமிஷத்தில்தான் எதற்காகத் தேய்க்கச் சொன்னார் என்பது அவளுக்கு விளங்கியது.

அப்போதும் அவள் விட்டுவிடவில்லை. படம் எடுத்த நேரத்தில் வெட்டுப் பிரிவு அண்ணன் அந்த அறைக்கு வந்தார், எந்தத் துண்டு இருந்தது என்று அவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதிரே வந்த என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. லேசாகச் சிரித்தாள்கூட.

உள்ளே போனேன். சாரை வெளியே அனுப்பிவிட்டார்கள், மூன்று பேர் மட்டும்தான். அன்றைக்கு நுண்ணோக்கியில் எந்தத் துண்டு இருந்தது என்று மரியாதையாகக் கேட்டார்கள். இவ்வளவு நேரம் சாரைத் திட்டி எழுதிக்கொண்டு வந்தேன் இல்லையா? எனக்கு நாற்பத்தொன்று என்பது நாக்கு நுனியில் இருந்தது. எழுதிக் கொடுக்கச் சொல்லுவார்கள், நாளைக்கு இன்னொரு இடத்துக்குக் கூப்பிடுவார்கள், சார் முகத்தில் எப்படி விழிப்பது என்று என்னென்னவோ ஓடியது. ஞாபகம் இல்லை என்று சொன்னேன். ஒருவர் மறுபடியும் கேட்டார். தினமும் எத்தனையோ துண்டு போகிறது, சரியாக ஞாபகம் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. தேய்ப்பில் பிழை என்று முடிவு. சார் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், அவ்வளவு நேர்மை என்று நாலு பேர் மெச்சினார்கள். அவளைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் தேய்த்த பழைய துண்டுகள் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கச் சொல்லிப் பட்டியல் போட்டார்கள், பதினோரு பக்கம். அவள் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அம்மா என்ன தப்பு செய்தாள் என்று அவளுக்கும் விளக்க வேண்டியிருந்ததாம்.

மேசையைக் காலி செய்கிற அன்று துணிகளைத் துவைத்துக் காயப்போட்டு, பசைக் குழாய்களை மூடி, தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். ஏதாவது தூக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். கை வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

“உங்கள உள்ள கூப்பிட்டாங்களே. என்ன சொன்னீங்கண்ணே?”

பொய் சொல்லலாம் என்றுதான் போயிருந்தேன். அவர்கள் கேட்கவே இல்லை என்று சொல்ல வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை.

“ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டேம்மா.”

அவள் கை நின்றது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

“சார் தன் பேரக் காப்பாத்திக்க என்னைய விட்டுக்கொடுத்தார். வயிறு எரியுது, ஆனா புரியுது. நீங்க சொல்லியிருந்தா உங்களுக்கு என்னண்ணே போயிருக்கும்?”

நிஜமாகவே யோசித்துப் பார்த்தேன். என் வேலை நிரந்தரம். ஓய்வுக்கு எட்டு மாதம்தான் இருந்தது. சார் எனக்கு மேலதிகாரிகூட இல்லை. அவர் என்னை மிரட்டவில்லை, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவள் பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணும் போயிருக்காதும்மா” என்றேன்.