திருப்ப முடியாத கை

அறுவடை நாட்களில் எங்கள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறைக்கு உடைந்த முன்கைகள் வந்துகொண்டே இருக்கும். சென்னையில் ஆட்சி மாறி நிலச் சட்டமும் வந்திருந்தது. வரப்பில் சண்டை மட்டும் ஓயவில்லை. தலைக்கு வரும் கம்பைக் கையால் தடுப்பார்கள். குத்தகைக்காரர் கையும் வரும், மிராசுதார் வீட்டு ஆள் கையும் வரும். இரண்டும் ஒரே இடத்தில்தான் முறிந்திருக்கும்.

எக்ஸ்ரே மாணவர்களுக்குப் புதிய பாடநூல் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எங்கள் கல்லூரி முதல்வருக்குத் தடிமனான புத்தகம்தான் பிடித்தது. “அலமாரியில வெச்சா கம்பீரமா இருக்கும் சார்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரிக்கா நான் பாடம் நடத்துகிறேன்?

வந்த புத்தகங்களை எல்லாம் முன்கைப் பக்கத்தில் திறந்து பார்த்தேன். உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பச் சொல்லவும் என்றுதான் தடிமனானதும் சொன்னது. உடைந்த கையை எவன் திருப்புவான்? நாங்கள் பிடித்துத் திருப்பினால் எழும் அலறல் வெளியே வரிசையில் இருப்பவர்களுக்கும் கேட்கும். கடைசியாகக் கிடந்த ஒல்லிப் புத்தகத்தில் இருந்தது நான் தேடிய வரி: திருப்ப முடியாவிட்டால் கையை அசைக்க வேண்டாம், எக்ஸ்ரே குழாயை நகர்த்தவும். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். முதல்வர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த அறுவடையில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் துண்டில் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். என் மாணவி ஒருத்தி அந்தக் கையை இருந்தபடியே விட்டு, குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு படம் எடுத்தாள்.

“முடிஞ்சிதுங்க, எழுந்திருங்க.”

அவர் கண்ணைத் திறக்கவில்லை. “கையை எப்பம்மா திருப்புவே? நான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்கேன்” என்றார்.