ஐந்து வேளை மாத்திரையும் ஒரு வாய்த் தண்ணீரும்

நாற்பத்தாறு வயதில் அவருக்குக் கைவந்த பெரிய வித்தை தாகத்தை அடக்குவதுதான். டவர் கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் அது ஓரளவு வரும். அவரளவுக்கு யாருக்கும் வரவில்லை. தரையிலிருந்து கேபினுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. படி என்றால் பெயருக்குத்தான் படி, செங்குத்தாக நிற்கிற இரும்பு ஏணியின் கம்பிகள் அவை. ஏற இருபது நிமிடம், இறங்கக் கால் மணி. ஒரு தடவை ஒன்றுக்குப் போக இறங்கினால் கீழே நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். மற்ற ஓட்டுநர்கள் காலி பாட்டில் ஒன்றைக் கூடவே எடுத்துப் போவார்கள். அவருக்கு அது கௌரவக் குறைச்சல். காலையில் ஏறுமுன் அரை டம்ளர் காபி, மதியம் இறங்கியதும் ஒரு சொம்புத் தண்ணீர், பிறகு சாயங்காலம்தான். பத்தொன்பது வருஷமாக அந்த உடம்பை அப்படிப் பழக்கி வைத்திருந்தார். வேலைக்களத்தில் அவரை மாடிவீட்டுக்காரர் என்பார்கள். கீழிறங்கி வருவதே அபூர்வம் என்பதால் வந்த பெயர்.

கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவன் அவர் மனைவியின் தம்பி. சுமை எங்கே போகிறது, எவ்வளவு இறங்க வேண்டும் என்பதையெல்லாம் அவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொல்லாமல் அவர் விரல்கூட அசையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இடது விலாவில் காந்தியது. பெல்ட் உரசியிருக்கும் என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை சட்டை பட்டாலே உயிர் போனது. முதுகில் தொடங்கி மார்புவரை அரைவட்டமாகக் கொப்புளங்கள். பார்த்த மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அதற்குமேல் மறுத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும்.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே அக்கி என்றார். சின்ன வயதில் வந்துபோன அம்மையின் வைரஸ் போகவே இல்லை, நரம்போரமாகப் படுத்துக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது, ஹெர்பிஸ் குடும்பத்துச் சரக்கு அது, மூன்று நாளைக்குள் வந்தது நல்லதாயிற்று என்றார். அசைக்ளோவிர் எழுதினார். விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு ஐந்து, ஏழு நாள் விடாமல். ஒரு வேளை தவறினால் ஞாபகம் வந்ததும் அந்த ஒன்று, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதுவும் வேண்டாம், சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். இந்த மருந்து சிறுநீரில்தான் வெளியே போக வேண்டும், தண்ணீர் இல்லாவிட்டால் சிறுநீரகத்திலேயே தங்கி அடைத்துக்கொள்ளும் என்று இரண்டு தடவை சொன்னார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றார் அவர்.

அது அவர் கணக்கில் பொய் இல்லை. முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் காலையும் மாலையும் போட்டுக்கொள்ளும் மாத்திரை அவருக்குக் கையுறை மாதிரி, வேலைச் சாமான். என்ன வேலை என்று கேட்டபோது மட்டும் தெரிந்தே மழுப்பினார். மிஷின் ஓட்டுவதாகச் சொன்னார். கிரேன் என்றால் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். காய்ச்சலோ மருந்தோ எதுவானாலும் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது களத்து விதி. சொன்னவர்கள் திரும்ப ஏறியதாக அவருக்கு ஞாபகமில்லை. போன வருஷம் கண் பரிசோதனைக்கென்று இறக்கப்பட்டவர் இன்னமும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த இருக்கை போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று அவரால் யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

மனைவி இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை நிரப்பிக் கொடுத்தாள். சாயங்காலம் அது காலியாக வந்தது. அவளுக்கு அதில் பரம திருப்தி. தெருமுனைச் சாக்கடையில் அதை அவர் கவிழ்த்துவிட்டு வருவது அவளுக்குத் தெரியாது. பத்து மணி மாத்திரையைக் கேபினில் எச்சிலைக் கூட்டி விழுங்கினார். கம்பி தூக்குகிற மும்முரத்தில் மறந்தால் மதியத்தோடு சேர்த்து இரண்டாகப் போட்டார். வலி விடவில்லை என்று வேலைச் சாமானும் இரண்டிரண்டானது.

நாலாம் நாள் காலையில் சிறுநீர் கொஞ்சமாக, கெட்டித் தேநீர் நிறத்தில் போனது. உடம்பு இன்னும் நன்றாகப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வயிற்றைப் புரட்டியது, விரல்கள் லேசாக நடுங்கின. ஏறிவிட்டார்.

பதினொரு மணிக்கு ஒரு கட்டுக் கம்பியைத் தூக்கினார். பதினாலாம் தளத்தில் எட்டுப் பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். கட்டு அவர்கள் தலைக்கு நேரே வந்தபோது அதன்மேல் ஒருவன் உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்தார். வெள்ளைச் சட்டை. பேருந்துக்குக் காத்திருப்பவன்போல நிதானமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, கட்டு மேல ஆள் உக்காந்திருக்கான்."

"யாரும் இல்ல மாமா."

"நல்லாப் பாரு. வெள்ளச் சட்டை. விழுந்துருவான்டா, நான் சட்டுனு இறக்கறேன்."

வாக்கி-டாக்கியில் பேசுவது களம் முழுக்கக் கேட்கும். எங்கோ ஒருவன் சிரித்தான், மாடிவீட்டுக்காரருக்கு விருந்தாளி வந்திருக்காருப்பா என்றான். மச்சினன் சிரிக்கவில்லை. கையை வீசி அந்த எட்டுப் பேரையும் தூண்களுக்குப் பின்னால் விரட்டினான். அவன் குரல் திரும்ப வந்தபோது தணிந்திருந்தது.

"மாமா, நேத்திலேர்ந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனீங்க?"

மறுபடியும் சிரிப்பு. அவருக்குக் காது சுட்டது.

"என்னடா கேள்வி இது, ஊர் கேக்க?"

"அக்கா தண்ணி விஷயத்துல உங்கமேல ஒரு கண்ணு வைக்கச் சொல்லுச்சு. சொல்லுங்க."

எண்ணிப் பார்த்தார். எண்கள் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போயின. "காலைல ஒரு தடவ. சொட்டுச் சொட்டா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"லீவர்லேர்ந்து கைய எடுங்க மாமா. ரெண்டு கையையும் மடில வைங்க."

கையை எடுத்தால் கிரேன் தானே பிரேக் பிடித்து நிற்கும், சுமை அந்தரத்தில் அப்படியே தொங்கும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் வெள்ளைச் சட்டைக்காரன் இப்போது நுனிக்கு நகர்ந்திருந்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி அவரையே பார்த்தான். ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கட்டு தளத்தில் உட்கார்ந்துவிடும், ஒரு உயிர் தப்பும். விரல்கள் லீவரை இறுக்கின. மச்சினன் அதையே திரும்பச் சொன்னான். மூன்றாம் தடவையும் சொன்னான். குரல் மட்டும் ஏறவில்லை.

கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமை இறக்கும்போது கேபினிலிருந்து ஒன்றுமே தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு, காதில் விழுகிற குரலை நம்பித்தான் இறக்க வேண்டும். அப்படி ஆயிரம் சுமை இறக்கியிருக்கிறார். இதுவும் பின்பக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கண்ணை மூடினார். கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு வந்தன. இரும்பு ஒருமுறை முனகி நின்றது.

உடனே இறங்கிவிட வேண்டும்போல இருந்தது. பெல்ட்டைக் கழற்றப் போனவரை மச்சினன் பேச்சாலேயே இருக்கையில் கட்டி வைத்தான். அக்கா பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டுக் குழாயின் ஒழுக்கு என்று வாய் ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்துக் கிரேன் ஓட்டுநர் ஏறிவந்து கம்பிக் கட்டை இறக்கினார். கூட வந்த இரண்டு பேர் அவரை மீட்புப் பட்டையில் கட்டி, மூட்டையை இறக்குவதுபோல மெல்ல இறக்கினார்கள். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஏணியைத் தொடாமல் தரைக்கு வந்தார்.

மருத்துவமனையில் இளவயது டாக்டர் ஒருவர் பார்த்தார். ரத்தத்தில் சிறுநீரகக் கணக்கு மூன்று மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் அதோடு விடவில்லை. கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப எனக்கு ரெண்டு சந்தேகம் இருக்கு. வைரஸ் மூளைக்கு ஏறியிருந்தா இதே மருந்த நான் ஊசில நிறையக் குடுக்கணும். மருந்தே உடம்புல தேங்கி இப்படிப் பண்ணுதுன்னா உடனே நிறுத்தணும். ரெண்டும் நேர் எதிர். நீங்க எப்படிச் சாப்பிட்டீங்கன்னு மறைக்காமச் சொன்னா எனக்கு வழி தெரியும்."

கட்டிலின் கால்மாட்டில் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். கையில் விபத்துப் படிவம், பேனா திறந்திருந்தது. தலைமாட்டில் மனைவி. மச்சினன் கதவோரம். அவருக்குள் பனி விலகுவதும் மூடுவதுமாக இருந்தது. விலகியிருந்த அந்தச் சின்ன இடைவெளியில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன் என்று சொன்னால் இருக்கை தப்பலாம். டாக்டர் தப்பான பக்கம் போவார்.

மனைவி பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்துப் போர்வைமேல் பரப்பினாள். "தண்ணி குடிச்சாருங்க. தினம் பாட்டில் காலியாத்தான் வந்துச்சு."

"குடிக்கல" என்றார் அவர். நாக்கு தடித்திருந்தது. "சாக்கடைல ஊத்தினேன்."

அவள் சட்டென்று அவரைப் பார்த்தாள். பிறகு அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள், அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினாள்.

மீதியையும் சொன்னார். மறந்த வேளையை இரண்டாகப் போட்டது, எச்சிலோடு விழுங்கியது, முதுகு மாத்திரை நாளைக்கு நாலு. கிரேனில் இறங்க முடியாது என்பதால் தண்ணீர் தொடுவதில்லை என்பதும், மருந்து சாப்பிடுவதை யாரிடமும் சொல்லாமல் ஏறினார் என்பதும்கூட வந்தன. டாக்டர் அந்த முதுகு மாத்திரை அட்டையைத் தூக்கிப் பார்த்தார். இதுவும் சிறுநீரகத்தைத்தான் பிடிக்கும், இரண்டும் தண்ணியில்லாமல் சேர்ந்ததுதான் வினை என்றார். அசைக்ளோவிரை அப்போதைக்கு நிறுத்தி, சலைன் உப்புநீர் ஏற்றச் சொன்னார். நாளைக்குள் தெளிவு வராவிட்டால் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

"இதையெல்லாம் எழுதிக்கட்டுமா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"எழுதிக்குங்க சார். சொல்லாம இருந்திருந்தா அந்த வெள்ளச் சட்டைக்காரன் மருந்தால வந்தவன்னு எனக்கே தெரியாமப் போயிருக்கும்."

மறுநாள் மதியம் நர்ஸ் சிறுநீர் அளவுக் குவளையைத் தூக்கிப் பார்த்து முந்நூறு மில்லி என்றாள். தெளிந்த நிறம். முதுகில் ஊசி தேவைப்படவில்லை. தலை தெளியத் தெளிய விலாவின் வலி முழுசாகத் தெரிந்தது, கண்ணில் நீர் வந்தது. சிறுநீரகம் இடம் கொடுத்த பிறகு அதே மாத்திரையைக் குறைந்த அளவில் இடைவெளி விட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். வலிக்கு டாக்டர் எழுதியதைத் தவிர வேறெதுவும் கூடாது என்றார்கள்.

களத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று மாதம் தரை வேலை, அதன்பின் ரத்தப் பரிசோதனை, அதற்குப்பின் யோசிக்கப்படும். மச்சினன் அதை உரக்கப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மடித்தான். யோசிக்கப்படும் என்றால் என்ன என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. மனைவி டம்ளரை நீட்டினாள். தாகமில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையை இறக்கவில்லை. வாங்கிக் குடித்தார், அவள் பார்க்கப் பார்க்க, அடிவரை.